தார்த்தளத்தில் ஆட வைக்காதீர்கள்: நாட்டியச் சாதனை நிகழ்ச்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பரதநாட்டிய உலக சாதனை நிகழ்ச்சிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

உங்களில் ஓர் அமைப்பு நாட்டியப் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை எங்கள் கைக்கும் வந்து சேர்ந்தது. 5 வயது முதல் 18 வயது வரை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்கிறது. முழு ஒப்பனை, பட்டு உடை, சலங்கையுடன் காலை 5.30 மணிக்கு ஆஜராக வேண்டும். நிகழ்ச்சி தொடங்குவது 10 மணிக்கு. 20 நிமிடம் நிற்காமல் ஆட வேண்டும். நடுவில் ஒரு குழந்தை விலகினாலும் அந்தப் பள்ளியின் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்படும். கட்டிய பணம் திரும்பாது. காயமோ உடல்நலக் குறைவோ ஏற்பட்டால் அமைப்பாளர் பொறுப்பல்ல என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். ஆடும் இடம், தார் போட்ட ஒரு வாகன நிறுத்துமிடம்.

இந்த நிபந்தனைகளில் எதுவும் புதிதல்ல. வேறு வேறு ஊர்களில், வேறு வேறு பெயர்களில் வருகிற அறிவிப்புகளில் இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. இதை எழுதும் நாங்கள் நாட்டியம் கற்பிப்பவர்களும், குழந்தைகளின் எலும்பு, மூட்டுக் காயங்களுக்கு சிகிச்சை தரும் இயன்முறை மருத்துவர்களுமாக இருக்கிறோம். உங்கள் நிகழ்ச்சி முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் எங்கள் வேலை தொடங்குகிறது. அதனால் இனியும் பேசாமல் இருக்க முடியாது.

கூட்டமாக ஆடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. தனியாக அரங்கேற்றம் செய்ய வசதியில்லாத வீட்டுக் குழந்தைக்கு, நூறு பேரோடு சேர்ந்து சலங்கை கட்டி நிற்பது பெரிய மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை நாங்களும் பார்த்திருக்கிறோம். அதைக் கெடுப்பது தரை, வெயில், பயிற்சிச் சுமை மூன்றும்தான். மூன்றையும் தீர்மானிப்பவர்கள் நீங்கள்.

முதலில் தரை.

ஓடும்போது குதிகால் ஊன்றி, பாதம் உருண்டு, விரலில் முடிகிறது. தரையைக் காலால் தட்டும் அடிப்படை அசைவான தட்டடவில் அந்த உருளல் கிடையாது. உள்ளங்கால் முழுவதும் ஒரே நொடியில் தரையில் படுகிறது. முழங்காலை இருபுறமும் விரித்துப் பாதி உட்கார்ந்த அரைமண்டியில் கணுக்கால் ஏற்கெனவே மடங்கி இருப்பதால், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள அதற்கு மிச்ச அசைவு குறைவு. காலில் செருப்பும் இல்லை. தரை கொடுக்காவிட்டால் அடியின் வேகம் நேராகக் கீழ்க்கால் எலும்புக்கும் முழங்காலுக்கும் முதுகுக்கும் ஏறுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு தாளம் என்று வைத்தால், தட்டடவு முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், நிமிடத்துக்கு 60 தட்டு, இரண்டாம் காலத்தில் 120, மூன்றாம் காலத்தில் 240. சராசரியாக இரண்டாம் காலம் என்றாலும் 20 நிமிடத்தில் 2,400 தட்டு. ஒத்திகை நாளில் உருப்படியை, அதாவது ஆடும் முழு நடனத்தை, 3 முறை ஓட்டினால் 7,200. இதில் குதித்து மெட்டடவின் குதிப்புகளைச் சேர்க்கவில்லை.

மரத்தளத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. ஆசிரியர்கள் பலரே இதைக் கவனிப்பதில்லை. அடியில் வெற்றிடமுள்ள மரத்தளத்தில் மெதுவாகத் தட்டினாலே ஒலி எழும். கான்கிரீட்டிலும் தாரிலும் எழாது. தாளம் காதில் விழாத குழந்தை இன்னும் ஓங்கித் தட்டும். போதாததற்கு ஒலிபெருக்கி வேறு. “சத்தம் பத்தலை, நல்லா தட்டு” என்று மைக்கில் சொல்லும்போது, கடினமான தரையில் இன்னும் கடுமையாக அடிக்கச் சொல்கிறீர்கள்.

தாரின்மேல் கல்யாண மண்டபக் கம்பளத்தை விரித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தக் கம்பளம் அதிர்ச்சியை வாங்காது. மடிப்பில் கால் கட்டைவிரல் சிக்கும். பாதம் திரும்ப வேண்டிய இடத்தில் கம்பளம் பிடித்துக்கொள்ள, முழங்கால் முறுக்கும். ரப்பர் நுரைப் பாய் இதற்கு நேர் எதிரான தவறு: கால் புதைந்து கணுக்கால் பிசகும். வேண்டியது, கொஞ்சம் கொடுத்துத் திரும்பி எழும் தளம். ரப்பர் துண்டுகளின்மேல் மரச்சட்டங்களை ஓரடிக்குச் சற்று கூடுதலான இடைவெளியில் பதித்து, அவற்றின்மேல் 12 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு குறுக்கும் நெடுக்குமாக, மேலடுக்கின் மூட்டு கீழடுக்கின் மூட்டுக்கு நேர்மேலே வராதபடி திருகி இறக்க வேண்டும். திருகுத் தலைகள் மேற்பரப்புக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். கிளம்பிக்கொண்ட ஒரு திருகு போதும், பாதத்தைக் கிழிக்க. மேடைத் தச்சர் யாருக்கும் இது தெரியாத வேலை அல்ல.

கை நீட்டி நாட்டியாரம்பம் என்ற தொடக்க நிலையில் நிற்க, பக்கத்துக் குழந்தையை இடிக்காமல் அடவு செய்ய, ஒரு குழந்தைக்கு 6-க்கு 6 அடி இடம் வேண்டும். ஏறக்குறைய ஒரு 8-க்கு 4 பிளைவுட் பலகை. இரண்டு அடுக்கு என்றால் இரண்டு பலகை. ஆயிரம் பேருக்கு இது கட்டுப்படியாகாது என்பீர்கள். உண்மைதான். மேடை போட முடிகிற எண்ணிக்கைதான் உங்கள் எண்ணிக்கை. 200 பேருக்குத்தான் தளம் போட முடியும் என்றால் 200 பேர் ஆடட்டும்.

அடுத்தது, குழந்தை என்பவள் உயரம் குறைந்த பெரியவள் அல்ல. அவள் எலும்புகளின் முனையருகே வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. அவை குருத்தெலும்பு, முற்றிய எலும்பைவிட மென்மையானவை. பெண் குழந்தைகள் 11, 12 வயதிலும், பையன்கள் 13, 14 வயதிலும் மளமளவென உயர்வார்கள். எலும்பு முந்தி நீளும், தசையும் தசைநாணும் பிந்தித்தான் ஈடுகொடுக்கும். அந்த இடைவெளியில் தொடைத்தசை விறைத்துக்கொண்டு, முழங்கால் சில்லுக்குக் கீழே தான் ஒட்டியிருக்கும் இடத்தை இழுக்கும். அங்கே வலியோடு ஒரு புடைப்பு வரும். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று மருத்துவர் சொல்வது இதைத்தான். கெண்டைத்தசை இழுத்தால் குதிகாலின் பின்புறம் வலிக்கும். குதிகாலை இரு பக்கமும் விரலால் அமுக்கினால் குழந்தை காலை இழுத்துக்கொள்வாள். இதற்கு சீவர்ஸ் என்று பெயர். இரண்டும் குதிப்பையும் தட்டையும் குறைத்தால் ஆறக்கூடியவை. வலியோடு ஆட வைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். உங்கள் நிகழ்ச்சிகளில் அதிகம் ஆடுவது சரியாக இந்த வயதுக் குழந்தைகள்தான்.

சாதனை நாளில் மயங்கி விழும் குழந்தை உங்கள் கண்ணில் படுகிறாள். அதற்கு முந்தைய 6 வாரத்தில் கீழ்க்கால் எலும்பு வலிக்கத் தொடங்கிய குழந்தை படுவதில்லை. காயங்களில் பெரும்பகுதி ஒத்திகைக் காலத்தில்தான் உருவாகிறது. நீங்கள் உருப்படியின் காணொளியைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறீர்கள். வாரம் 2 மணிநேரம் ஆடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று நாள்தோறும் 2 மணிநேரம் ஆடுகிறாள். எலும்பு சுமைக்கேற்பத் தன்னை உறுதியாக்கிக்கொள்ளும், ஆனால் அதற்கு வாரங்கள் பிடிக்கும். அதற்குள் அடிமேல் அடி விழுந்தால் நுண்ணிய விரிசல் விடும். நாட்டடவு என்ற தொடக்க அடவையே இன்னும் சரியாகப் போடாத முதலாண்டுக் குழந்தையும், வர்ணம் என்ற நீண்ட உருப்படியை முடித்த குழந்தையும் ஒரே தீர்மானத்தை, அதாவது ஒரே அடவுக் கோவையை, ஒரே காலத்தில் ஆட வேண்டும் என்பது இதைவிடக் கொடுமை.

ஆசிரியர்கள் கையாலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. குழந்தையை உட்கார வைத்து, கீழ்க்கால் எலும்பின் உள்விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கு விரல் அகலத்துக்கும் மேலாக வலி பரவலாக இருந்தால், அது பெரும்பாலும் மிகைச்சுமையால் வரும் ஷின் ஸ்ப்ளிண்ட்ஸ். சுமையைப் பாதியாக்கி, தட்டுவதையும் குதிப்பதையும் நிறுத்தி வைத்தால் ஆறும். வலி ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று இருந்தால், ஓய்விலும் இரவிலும் வலித்தால், எலும்பில் விரிசல் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். அன்றே ஆட்டத்தை நிறுத்துங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் நிம்மதி அடையாதீர்கள்: இவ்வகை விரிசல் முதல் 2, 3 வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது வழக்கம். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்க மருத்துவர் சொல்வார். நேரத்தில் பிடித்தால் 6 முதல் 8 வார ஓய்வில் பெரும்பாலும் கூடிவிடும். சான்றிதழ் போய்விடுமே என்று அந்தக் காலிலேயே ஆடி முடித்தால் விரிசல் முறிவாகும்.

பயிற்சி நேரத்துக்குக் குழந்தை விளையாட்டு மருத்துவத்தில் ஓர் எளிய அளவு புழக்கத்தில் இருக்கிறது. குழந்தையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணிநேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. 8 வயதுக்கு 8 மணிநேரம். அதில் பள்ளிக்கூட விளையாட்டு, கராத்தே, நீச்சல் எல்லாம் அடங்கும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். கூட்டுவதானால் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்று கூட்டுங்கள். ஒத்திகையில் எல்லா முறையும் முழு வேகத்தில் தட்டத் தேவையில்லை. ஒரு முறை முழுதாக ஆடி, மற்ற முறைகளில் கையால் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தாலே வரிசையும் கோர்வையும் பதிந்துவிடும். தொழில்முறைக் கலைஞர்கள் தங்கள் காலை இப்படித்தான் காப்பாற்றிக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்கு மட்டும் அந்தச் சலுகை ஏன் கிடைப்பதில்லை?

அரைமண்டியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. புகைப்படத்தில் எல்லாக் கால்களும் ஒரே கோணத்தில் விரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். கால் விரிவது இடுப்பு மூட்டிலிருந்து. அந்த மூட்டின் எலும்பு அமைப்பு பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். ஓர் அளவுக்கு மேல் எந்தப் பயிற்சியும் அதை மாற்றாது. இடுப்பு விரிந்து கொடுக்காத குழந்தை, பாதத்தை மட்டும் வெளியே திருப்பி நிறுத்துவாள். அப்போது தொடை ஒரு பக்கமும் கீழ்க்கால் மறு பக்கமும் இழுக்க, நடுவில் முழங்கால் முறுக்குண்டு கிடக்கும். உள்ளங்காலின் வளைவு சரிந்து கட்டைவிரல் பக்கம் அமுங்கும். முதுகு முன்னே வளைந்து பின்பக்கம் தள்ளும். எதிரே நின்று பாருங்கள்: முழங்கால் சில்லு பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். உள்ளே சாய்ந்திருந்தால் பாதத்தின் விரிவைக் குறைக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் தள்ளினால் ஆழத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆழம் வருடங்களில் வரும். தொடையில் ஏறி நின்றும், முழங்காலைக் கையால் அமுக்கியும் விரிக்கிற பழக்கம் இன்னும் சில பள்ளிகளில் இருக்கிறது. அதை உடனே கைவிட வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறித்துவையுங்கள். 2 செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால் அந்தக் குழந்தை வேகமாக வளர்கிறாள் என்று பொருள். அந்தப் பருவத்தில் முழுமண்டியில், அதாவது முழுதாகக் குந்திய நிலையில், குதிப்பதையும், முழங்கால் தரையில் படும் மண்டி அடவையும் ஒத்திவையுங்கள்.

சலங்கை பற்றி ஒரு வார்த்தை. 5 வரிசை வெண்கல மணி வைத்துத் தைத்தது சிறு குழந்தைக்குக் காலில் கட்டிய எடைதான். அவிழ்ந்துவிடக் கூடாதென்று இறுக்கிக் கட்டினால் குதிகால் நாணும் கணுக்காலின் வெளிப்புற நாண்களும் நசுங்கும். கணுக்கால் முட்டுக்கு மேலே, ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கட்ட வேண்டும். 10 வயதுக்குக் கீழே 2 வரிசை போதும்.

இனி வெயில். காலை 5.30 மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டுமென்றால், ஒப்பனைக்காகக் குழந்தை 3 மணிக்கு எழுகிறாள். 6 முதல் 12 வயதுக் குழந்தைக்கு இரவில் 9 மணிநேரமாவது தூக்கம் வேண்டும். அன்று அவளுக்கு 5 மணிநேரம்கூடக் கிடைப்பதில்லை. உதட்டுச் சாயம் கலையும் என்று சாப்பாடு இல்லை. பட்டு, விசிறி, ஒட்டியாணம், சவுரி, முகம் முழுக்கப் பேன்கேக் பூச்சு. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். அதற்கு இடமே இல்லை. குழந்தைகள் பெரியவர்களைவிடக் குறைவாகவே வியர்ப்பார்கள், சூட்டுக்குப் பழகவும் அவர்களுக்குக் கூடுதல் நாள் ஆகும். 10 மணி வெயிலில் காய்ந்த தாரும் கருங்கல்லும் காற்றின் வெப்பநிலையைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும். புறங்கையைத் தரையில் 5 நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாத தரையில் ஒரு குழந்தை வெறுங்காலோடு 20 நிமிடம் நிற்கக் கூடாது. ஆல்தா என்ற செஞ்சாயம் பூசிய பாதத்தில் கொப்புளம் உடனே தெரிவதில்லை. வீட்டில் கழுவும்போதுதான் அம்மா பார்க்கிறார்.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று கழிப்பறை. காஸ்ட்யூமை அவிழ்த்துக் கட்ட அரை மணிநேரம் ஆகும், மைதானத்தில் இருக்கிற கழிப்பறையோ உள்ளே போக முடியாத நிலையில் இருக்கும். அதனால் தண்ணீர் குடிக்காதே என்று பெரியவர்களே சொல்லிவிடுகிறார்கள். சில குழந்தைகள் முந்தின இரவிலிருந்தே குடிப்பதில்லை. மயக்கத்துக்கும் தசைப்பிடிப்புக்கும், பின்னாலேயே வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் இதுவும் காரணம். மாதவிடாய் நாளில் இருக்கும் பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் 5-ஆம் சுற்று, 2019–21-இல் எடுத்தது, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது. உங்கள் வரிசையில் நிற்பவர்கள் இவர்கள்தான். இரத்தசோகை உள்ள உடல் சீக்கிரம் களைக்கும், களைத்த கால் தவறான இடத்தில் ஊன்றும். இதோடு, ஒல்லியானவர்களை முன்வரிசைக்குப் பொறுக்கும் வழக்கம் வேறு. குண்டாக இருக்கிறாய் என்று ஒரு குழந்தையிடம் சொல்வது அவள் தட்டிலிருந்து சோற்றை எடுப்பதற்குச் சமம். தேவையைவிடக் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு கடுமையாக ஆடினால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பின் அடர்த்தி குறையும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கெனத் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. 15 வயதாகியும் பூப்படையாத பெண்ணையும், வந்துகொண்டிருந்த மாதவிடாய் 3 மாதம் நின்றுபோன பெண்ணையும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். “ஆடுறா இல்ல, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடக் கூடாது.

உடலைச் சூடேற்றிக்கொள்ளும் பயிற்சியும் உங்கள் கால அட்டவணையால் வீணாகிறது. 6 மணிக்குப் பயிற்சி செய்த குழந்தைகள், வரிசை பிரித்து எண்ணி முடிக்கும் வரை மூன்றரை மணிநேரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இறுகிப்போன தசையோடு எழுந்து நேராக இரண்டாம் காலத்துக்குப் போகிறார்கள். ஆடுவதற்கு 20 நிமிடம் முன்பு மறுபடி ஒரு 10 நிமிடம் வேண்டும்: வேகநடை, கணுக்கால் சுழற்சி, குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 முறை, பாதங்களை நேராக வைத்துப் பாதி உட்கார்ந்து எழுவது 10 முறை, இடுப்புச் சுழற்சி, கடைசியில் ஓசையில்லாமல் முதல் காலத் தட்டடவு. காலை நீட்டிப் பிடித்து நெடுநேரம் இழுக்கிற பயிற்சி ஆடி முடித்த பிறகுதான்; ஆடுமுன் அப்படி இழுத்தால் தசையின் விசை குறையும்.

முதலுதவி என்ற பெயரில் பெரும்பாலும் இருப்பது வலி ஸ்ப்ரே, கிரேப் பேண்டேஜ், குளுக்கோஸ் டப்பா. ஸ்ப்ரே வலியை மறைத்துக் காயத்தின்மேல் ஆட வைக்கும். வெறும் குளுக்கோஸில் உப்பு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி வரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கணுக்கால் பிசகிய குழந்தையால் 4 காலடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் முட்டுகளின் பின்விளிம்பை அழுத்தினால் எலும்பே வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்குமுன் சுளுக்கு வழிப்பவரிடம் கொடுத்து உருவிவிடக் கூடாது. முதல் 2, 3 நாளில் உருவினால் உள்ளே இரத்தக்கசிவும் வீக்கமும் கூடும். ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி, இறுக்கமில்லாமல் கட்டினால் போதும். வெயிலில் விழுந்த குழந்தை உளறினாலோ, கேட்டதற்குப் பதில் சொல்லாவிட்டாலோ அது சாதாரண மயக்கம் அல்ல, வெப்பத் தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்தி உடையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவில்லாத வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். காஸ்ட்யூம் கெட்டுப்போகுமே என்று தயங்கும் ஒரு நிமிடம்கூட விலை உள்ளது. கத்தரிக்கோல் கையில் இருக்கட்டும்.

2024 டிசம்பர் 29 அன்று கொச்சி கலூர் மைதானத்தில் 11,000-க்கும் மேற்பட்டோர் ஆடிய பரதநாட்டியச் சாதனை நிகழ்ச்சியின்போது, விருந்தினர் மேடையிலிருந்து சட்டமன்ற உறுப்பினர் உமா தாமஸ் தவறி விழுந்து படுகாயமடைந்தார். அதன்பின் மேடைத் தடுப்பைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆடுபவர்களின் தரையையும் நேரத்தையும் பற்றி அதே அக்கறையோடு எப்போது பேசப்போகிறோம் என்பதே எங்கள் கேள்வி.

சீரியலிலும் சினிமாவிலும் நடிக்கும் குழந்தையை நாளொன்றுக்கு 5 மணிநேரத்துக்கு மேலும், இடைவெளி இல்லாமல் 3 மணிநேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-இல் திருத்திய விதிகள் சொல்கின்றன. உங்கள் நிகழ்ச்சிக்கு அவை பொருந்துமா என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். கூலி வாங்கி நடிக்கும் குழந்தைக்கு உள்ள பாதுகாப்பு, பணம் கட்டி ஆட வரும் குழந்தைக்குக் குறைவாக இருக்கக் கூடாது. 5.30 மணிக்கு வரச் சொல்லி 10 மணிக்கு ஆட வைப்பது அந்த 3 மணிநேர அளவை ஆட்டம் தொடங்கும் முன்பே மீறிவிடுகிறது.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

பொறுப்பல்ல என்ற நிபந்தனையைப் படிவத்திலிருந்து நீக்குங்கள். அதற்குப் பதிலாக, பங்கேற்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒத்திகைக் காலத்தையும் சேர்த்து விபத்துக் காப்பீடு எடுங்கள். அதன் செலவு பதிவுக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டும்.

தார், கான்கிரீட், கருங்கல், சிமெண்ட் தரையில் நேரடியாக ஆட வைப்பதை நிறுத்துங்கள். பிளைவுட் தளம் போட்டு, முந்தின நாள் ஆசிரியர்கள் நடந்து பார்த்து ஒப்பிய பிறகே ஆட்டம் என்று வையுங்கள். திறந்தவெளியானால் காலை 7.30-க்குள் ஆடி முடிக்க வேண்டும், அல்லது மாலை 5.30-க்குப் பிறகு தொடங்க வேண்டும். ஆஜராவதற்கும் ஆடுவதற்கும் இடையில் 90 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வரிசையை முந்தின நாளே எண் ஒட்டிப் பிரித்துவிட்டால் இது முடியும்.

குறைந்தபட்ச வயதை 8 ஆக்குங்கள். 8 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்கு 7 நிமிடத்துக்கு மேற்படாத, குதிப்பும் முழுமண்டியும் இல்லாத தனி உருப்படி அமையுங்கள். உருப்படியின் காணொளியை 12 வாரத்துக்கு முன்பே அனுப்புங்கள். பட்டு உடைக்குப் பதிலாகப் பருத்திப் பயிற்சிச் சேலையிலும் பைஜாமாவிலும் ஆட விடுங்கள். படத்தில் அது அழகாகவே இருக்கும். குழந்தை கழிப்பறைக்கும் போய்வர முடியும். 25 குழந்தைகளுக்கு ஒரு சுத்தமான கழிப்பறையும், 15 குழந்தைகளுக்குப் பொறுப்பாக ஒரு பெரியவரும், நிழலில் தண்ணீரும் ஓ.ஆர்.எஸ்.ஸும் இல்லாத இடத்தில் நடத்தாதீர்கள். மருத்துவர் ஒருவர், இயன்முறை மருத்துவர் ஒருவர், ஆம்புலன்ஸ் ஒன்று ஒத்திகை நாளிலும் இருக்க வேண்டும். மருத்துவர் நிறுத்தச் சொன்னால் குருவும் பெற்றோரும் அமைப்பாளரும் மறுக்க முடியாது என்று எழுதிவையுங்கள்.

கலை பண்பாட்டுத் துறையும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமும், மைதானத்துக்கு அனுமதி தரும் மாவட்ட நிர்வாகங்களும் இந்த நிபந்தனைகள் இல்லாத நிகழ்ச்சிக்கு ஒப்புதல் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். மடலின் நகலை அவர்களுக்கும் அனுப்புகிறோம்.

ஒத்திகை தொடங்கிய நாள் முதல் நிகழ்ச்சி முடிந்து 30 நாள் வரை ஏற்படும் ஒவ்வொரு காயத்தையும், மயக்கத்தையும் பெயர் இல்லாமல் ஒரு பதிவேட்டில் எழுதி வெளியிடுங்கள். எங்கே, எந்த அடவில், எந்தத் தரையில் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை எதைத் திருத்துவது என்று உங்களுக்கும் தெரியும்.

வலிக்கிறது என்று சொல்லி விலகும் குழந்தைக்கு, நிகழ்ச்சி நடக்கும் நாள் காலையில் விலகினாலும், முழுக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுங்கள். அவள் பள்ளியின் சான்றிதழைப் பிடித்து வைக்காதீர்கள். ஒத்திகை முழுவதும் வந்த அவள் பெயரையும் பங்கேற்றோர் பட்டியலில் சேருங்கள். அடுத்த நிகழ்ச்சிக்கான பதிவைத் திறப்பதற்கு முன், இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.